இடது பக்கத்துப் பெட்டி

எங்கள் வீட்டுக்காரருக்கு ஆலையில் பெயர் காது. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். "காதைக் கூப்பிடு" என்பார்கள். "காது இன்னைக்கு லீவு" என்பார்கள். கல்யாணமான புதிதில் கடைத்தெருவில் ஒருவர் என்னைக் காட்டி, "இவங்கதான் காதோட சம்சாரம்" என்று இன்னொருவரிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு பழகிப்போனது. அதே ஆலையில் ஒருவருக்குத் தொப்பை என்று பெயர், ஒருவருக்குக் கொட்டாவி. அவர்களுடைய பெண்டாட்டிகளை நினைத்துப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அது காகித ஆலை. ஒரு முனையில் கூழாகப் போவது மறுமுனையில் காகிதமாக வந்து சேர்வதற்குள் அறுபது எழுபது சூடான உருளைகளைச் சுற்றி வரவேண்டும். ஒவ்வொரு உருளைக்கும் இரண்டு பக்கமும் பேரிங். ஒன்று இறுகி நின்றால் மொத்த மெஷினும் நின்றுவிடும். எது எப்போது தேயும் என்று சொல்வதுதான் அவர் வேலை. ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார். அதன் முனையை ஓடுகிற பேரிங்கின் மூடிமேல் ஊன்றி, பிடியை இடது காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, "இது பத்து நாள் தாங்கும்" என்பார், அல்லது "இன்னைக்கே மாத்து" என்பார். சொன்னது சொன்னபடி நடக்கும்.

ஒரு தடவை புதிதாக வந்த இன்ஜினியர் அதிர்வு பார்க்கிற மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, ஒரு பேரிங் நன்றாக இருக்கிறது என்றாராம். இவர் இல்லை என்றாராம். நான்காம் நாள் அது இறுகி நின்றது. அன்றிலிருந்து இவருக்கு ஒரு வேதவாக்கு கிடைத்துவிட்டது: மீட்டர் பொய் சொல்லும், காது பொய் சொல்லாது. இதை அவர் வாயால் நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். வீட்டிலும் அந்தக் காதுதான் நீதிபதி. ஃபேனில் சத்தம், குழாயில் சொட்டு, பக்கத்து வீட்டில் சண்டை, எதுவானாலும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. எனக்குக் கேட்கவில்லை என்றால் என் காதில் அழுக்கு என்று அர்த்தம்.

என் அண்ணனும் அதே ஆலைதான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி, சுற்று எண்ணிப் புதுக் கம்பி கட்டுகிற வேலை. பேச்சு குறைவு. எண்ணிக்கொண்டே இருப்பவன் பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும்; அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று அண்ணி கேலி செய்வார். இவரும் அண்ணனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்து வளர்த்த சிநேகம். ஒருநாள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "என் தங்கச்சியைக் கட்டிக்கிறியா?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார். அவர் வாழ்க்கையில் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

ஆலையில் அதிகாரிகள் கிளப்பைப் புதுப்பித்தபோது வேண்டாம் என்று கழித்த சாமான்களில் ஒரு ஸ்டீரியோ ரிசீவர் இருந்தது. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே உடம்பாக, இரண்டு பக்கமும் மரப்பலகை, முகத்தில் வெள்ளி நிறத் தகடு, அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுகள் வரிசையாக. வாங்கிய காலத்தில் பெரிய மனுஷன் வீட்டுச் சாமானாக இருந்திருக்கும். இப்போது உயிர் இல்லை. அதையும் அதன் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் இரண்டு பேருமாக ஒரு தள்ளுவண்டியில் வைத்து, ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, எங்கள் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் சாப்பிடுகிற மேசைமேல்தான் அதைக் கிடத்தினார்கள். அன்று முதல் எட்டு மாதம் நானும் மகளும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் வருவார். கையில் சாலிடரிங் அயர்ன் பை. முதலில் அவர் கொண்டுவந்தது ஒரு பலகை. அதில் ஒரு குண்டு பல்பும் ஒரு ப்ளக் பாயின்ட்டும். கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் செட்டுக்குப் போகும். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். ஒரு தடவை மின்னி மங்கிப்போனால் பிழைத்தது என்று அர்த்தம். முதல் நாள் பல்பு எரிந்த எரிப்பில் கூடமே வெளிச்சமானது. இரண்டு ஆண்களும் பிள்ளை பெறுகிற அறைக்கு வெளியே நிற்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இடது பக்கத்துக்குச் சத்தம் கொடுக்கிற பெரிய டிரான்சிஸ்டர் இரண்டு செத்துப்போயிருந்தன. அதே மாதிரி இரண்டைத் தேடி அண்ணன் நான்கு மாதம் அலைந்தார். திருகுகளைக் கழுவினார்கள். ஸ்டேஷன் மாற்றும் முள்ளை இழுக்கிற நூல் அறுந்திருந்தது. என் தையல் பெட்டியிலிருந்த கெட்டி நூலைக் கேட்காமல் எடுத்துக் கட்டினார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்பு மின்னி மங்கியது. நாலு நொடி கழித்து உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். செட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தால்தான் ரிலே என்கிற அந்த சுவிட்ச் விழும், அதற்குப் பிறகுதான் பெட்டிகளுக்குச் சத்தம் போகும் என்று பிறகு சொன்னார்கள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த 'டக்'குக்கு என் வீட்டுக்காரர் என் அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார் என்பதுதான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லவேண்டும். ரிப்பேர் செய்கிறவர்களுக்குள் ஒரு முறை உண்டு. கழற்றின பழைய பாகத்தை, செத்ததாக இருந்தாலும், உடையவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதைப் போட்டான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்கள். அண்ணன் எப்போதும் தீப்பெட்டியில் போட்டுக் கொடுப்பார். இந்தச் செட்டிலிருந்து கழற்றிய மற்றதை எல்லாம் அப்படித்தான் கொடுத்தார். அந்த இரண்டு டிரான்சிஸ்டரை மட்டும், அதைக் காட்டித்தான் கடைகளில் ஜோடி தேடவேண்டும் என்று எடுத்துப் போனார். திருப்பித் தரவில்லை. அன்று சந்தோஷத்தில் இவரும் கேட்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

ஒரு வருஷம் நன்றாகப் போனது. ஞாயிறு மதியம் இரண்டு பேரும் இரண்டு நாற்காலியில், பெட்டிகளுக்கு எதிரே, ஒரு வார்த்தை பேசாமல் பாட்டுக் கேட்பார்கள். ஸ்டீரியோ என்றால் என்ன என்று இவர்தான் எனக்குச் சொன்னார். பெட்டி இரண்டு பக்கமும் இருக்கும், ஆனால் பாடுகிறவள் நடுவில், ஒன்றும் இல்லாத சுவருக்கு முன்னால் நிற்பாள். கண்ணை மூடிக் கேட்டேன். நின்றாள். இந்த வீட்டுக்கு வந்து எனக்குப் பிடித்துப்போன புதுப் பொம்பளை அவள் ஒருத்திதான்.

பிறகு அவர், இடது பக்கம் மந்தமாக இருக்கிறது என்று ஆரம்பித்தார். மறுபடி மேசை, மறுபடி சாலிடரிங் புகை. அண்ணன் பெட்டிகளை இடம் மாற்றி வைத்தார். ஒயர்களை மாற்றினார். சின்னச் சின்னப் பாகங்களைப் புதிதாகப் போட்டார். என்ன செய்தாலும் இவர் இடதுதான் என்றார். மூன்றாவது ஞாயிறு அண்ணன் இரண்டு பக்கத்திலும் மீட்டரை வைத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

"மீட்டர் பொய் சொல்லும், மச்சான்" என்றார் இவர்.

நான் அப்போது டீயோடு வாசல்படியில் நிற்கிறேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பாடுகிறவள் வலது பக்கம் போய்விட்டாள் என்று இவர் சாதிக்கிறார், நடுவில்தான் இருக்கிறாள் என்று அண்ணன் சொல்கிறார். இவர் திரும்பி என்னைச் சாட்சிக்கு இழுத்தார்.

"நீ சொல்லு. எங்கே நிக்கிறா?"

நடுவில்தான் நின்றாள். என் காதுக்கு அவள் இம்மிகூட நகரவில்லை. ஆனால் இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் சத்தத்துக்குத் தீர்ப்புச் சொல்வது அவர் காது. ஊரே நம்புகிற காது. எனக்குக் கேட்காத ஏதோ நுட்பம் அவருக்குக் கேட்கிறது என்று நினைத்தேன். அதைவிட, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சண்டை வேண்டாம் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் வலது பக்கமாத்தான் இருக்கு" என்றேன்.

அவருக்கு அது போதும். பேலன்ஸ் என்று எழுதியிருக்கும் திருகைப் பிடித்து இடது கோடிக்குத் திருப்பினார். வலது பெட்டி அடங்கி, இடது பெட்டி அலறியது, அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் கிலுகிலுத்தன. "இப்பத்தான் நடுவுக்கு வந்தா" என்று திருப்தியாகச் சொன்னார். அண்ணன் அந்தத் திருகைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார், ரொம்ப நேரம். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"கழட்டின ரெண்டும் எங்கே? எனக்கு நீ தரவே இல்லையே. நல்லதை எடுத்துக்கிட்டு டூப்ளிகேட்டைப் போட்டுட்டே. வேற யாரா இருந்தாலும் திருட்டுன்னு சொல்லுவேன். நீ மச்சான், என்ன சொல்றதுன்னு நீயே சொல்லு."

அண்ணன் ஒன்றுமே சொல்லவில்லை. சாலிடரிங் அயர்ன் ஆறும்வரை காத்திருந்து, அதைத் துணியில் துடைத்து, பையில் வைத்துக்கொண்டு போனார். டீயைத் தொடவில்லை. நானும் கூப்பிடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த மௌனம் எனக்கும் சந்தேகத்தைக் கொடுத்தது. தப்புச் செய்யாதவன் குதித்திருக்க வேண்டாமா, சத்தம் போட்டிருக்க வேண்டாமா என்று என் கூடப்பிறந்தவனைப் பற்றி நான் நினைத்தேன்.

அதோடு போக்குவரத்து நின்றது. அவர் இங்கே வரக்கூடாது, நான் அங்கே போகக்கூடாது. ஆலையிலும் இரண்டு பேரும் வேறு வேறு பெஞ்சில் டீ குடித்தார்கள் என்று கேள்வி. அந்த வருஷமே ஒரு உருளையின் பேரிங், இவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னது, கருகி நின்றது. எண்ணெய் ஊற்றுகிறவன் சோம்பேறி என்று இவர் எழுதிக் கொடுத்தார். அவனை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஆள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ, அப்போது எனக்கு அதை யோசிக்கத் தோன்றவில்லை.

வீட்டில் வேறு மாதிரி மாறினார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்கு வரன் வந்திருக்கிறது என்று சொல்வேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். திமிர் என்று நினைத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒருநாள் அவர் பக்கத்திலேயே முணுமுணுத்தேன். அதற்கும் பதில் இல்லை. பழமொழியைச் சரியான இடத்தில்தான் சொல்லியிருக்கிறேன் என்று தெரிய எனக்கு இன்னும் நாலு வருஷம் ஆனது.

இரண்டு வருஷத்தில் ரிட்டையர் ஆனார். இரண்டு மாதம் கழித்து மகளுக்குக் கல்யாணம். மகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாமா வருவார்தானே? சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆலைச் சங்கு ஊதுவதைக் காட்டக் கூட்டிப்போனவர் அவர். நான் இவரிடம் கெஞ்சினேன். அழுதும் பார்த்தேன். "திருடன் வர்ற கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். அப்பன் வேணுமா மாமன் வேணுமான்னு உன் மகளையே கேளு" என்றார். மகளிடம் நான் அதைக் கேட்கவில்லை. கல்யாணப் படங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். என் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருக்கிறது. படம் எடுத்தவர் நெருங்கி நிற்கச் சொல்லியும் நான் நகரவில்லை.

ரிட்டையர் ஆனபின் அவருக்கு அந்தச் செட்தான் உத்தியோகம். காலையில் மூடியைக் கழற்றுவார், சாயங்காலம் மாட்டுவார். ஒட்டியதையே மறுபடி உருக்கி ஒட்டுவார். மேசையில் பொத்தல் பொத்தலாகச் சூடு. வருகிறவர்களிடம் எல்லாம், "என் மச்சான் பண்ணிவிட்ட வேலை, இன்னும் சரிப்படுத்த முடியல" என்று சொல்வார். நான் அதையும் கேட்டுக்கொண்டு அவர்களுக்கு டீ கொடுப்பேன்.

இந்த வருஷம் ஒரு காலை. பின்கட்டில் தண்ணீர் மோட்டார் கரகரவென்று இழுத்தது. அவர் பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் மோட்டாருக்கு முன் குந்தினார். நான் பக்கெட்டோடு பின்னால் நிற்கிறேன். முனையை ஊன்றினார். பிடியைப் பழக்கத்தில் இடது காதுக்குக் கொண்டுபோனார். ஒரு கணம் வைத்திருந்தார். பிறகு நிதானமாகத் தலையைத் திருப்பி, வலது காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "பேரிங் போயிடுச்சு" என்றார்.

முப்பது வருஷமாக அந்தப் பிடி வலது காதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆளே மாறி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. நான் பக்கெட்டை வைத்துவிட்டு, சுற்றிப் போய் அவருக்கு இடது பக்கமாக நின்று, சாதாரணக் குரலில், "உங்களை மாதிரி ஒரு பொய்யரை நான் பார்த்ததே இல்லை" என்றேன். மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் வந்து அதே குரலில் அதையே சொன்னேன். வெடுக்கென்று நிமிர்ந்தார்.

"எப்போலேருந்து?" என்று கேட்டேன்.

மறைக்க முடியாது என்று தெரிந்துபோன முகம். ரிட்டையர் ஆகும்போது மருத்துவப் பரிசோதனை உண்டல்லவா, அதில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்களாம். வலது காதில் கேட்டபோது தூக்கினாராம். பிறகு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து உட்கார்ந்திருந்தாராம். டாக்டர் வெளியே கூப்பிட்டு, இடது காதையும் பார்த்து முடித்துவிட்டேன் என்றாராம். மெஷின் ஹாலில் அத்தனை வருஷம் நின்ற காது, அதிலும் இரும்பைக் கொண்டுபோய் ஒட்ட வைத்த காது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய் இப்போது ஒன்றும் மிச்சமில்லை.

நான் விரல் விட்டு எண்ணினேன். பரிசோதனை நடந்தது கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால்.

"அப்போ கல்யாணத்தப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சு? என் காது செவிடு, நீ நல்லவன்னு அவன்கிட்ட போய் நிக்கச் சொல்றியா?"

"ஆமா. அதைத்தான் சொல்றேன்."

அவர் மோட்டார் மூடியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது தெரியாமல் சொன்னாள். இந்த மனுஷர் கூடம் நேராக இருக்கிறது என்று தெரிந்தும், இரண்டு வருஷம் உட்கார்ந்து அதை இடித்து இடித்துக் கட்டியிருக்கிறார். நோய் இல்லாத செட்டுக்குத் தினமும் வைத்தியம், நான் நம்புவதற்காக, வருகிறவர்கள் நம்புவதற்காக. செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்காமல், சொல்லாமல், அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணி கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே அண்ணன் ஒரு மிக்ஸி மோட்டாரை மடியில் வைத்துக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வா என்று தலையசைத்து, கையிலிருந்த சுற்றை எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். நான் உட்காரக்கூட இல்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கு இடது காது கேட்காது, செட்டில் ஒரு கோளாறும் இல்லை, நீ திருடன் இல்லை, அது அந்த ஆளுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். அண்ணன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார். "திருகை அந்தக் கோடிக்குத் திருப்பிட்டு நடுவுக்கு வந்துட்டான்னாரே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று நான் கத்தினேன். அண்ணன் மெதுவாகச் சொன்னார். சொன்னால் இவர் நம்பமாட்டார், சண்டை ஆலைவரை போகும். காது கேட்காத ஆளைப் பேரிங் பார்க்க வைத்திருப்பார்களா? கேட்டில் உட்காரவைத்து வருகிற வண்டிகளை எழுதச் சொல்வார்கள். ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் இருந்தது, மகள் கல்யாணம் பாக்கி இருந்தது. காது என்று பெயர் வாங்கின மனுஷன் கேட்டில் உட்கார்ந்தால் பிழைத்திருப்பாரா என்று யோசித்தாராம். அதற்கு, தான் திருடனாக இருந்துவிட்டுப் போவது சுலபம் என்று தோன்றியதாம். ரிட்டையர் ஆனபிறகு தானாக வருவார் என்று காத்திருந்தாராம்.

அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தார். கல்யாணத்தன்று அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய், மண்டபத்துக்கு எதிர்ப்பக்க ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களோடு நின்று, பெண் காரில் ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்தார் என்றார். ஏன் அதைச் சொல்கிறாய் என்று அண்ணன் அவரைக் கடிந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இரண்டு பேர் மேலும். ஒரு காதைக் காப்பாற்ற இரண்டு ஆம்பளைகள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, காதும் காதும் வைத்தமாதிரி இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். நடுவில், பிறந்த வீடு இல்லாமல் போனவள் நான். மாமன் இல்லாமல் போனவள் என் மகள். எங்கள் இரண்டு பேரையும் யாரும் கணக்கில் சேர்க்கவே இல்லை. இதை அப்படியே அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னேன். எனக்கு மட்டுமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, நான் என்ன ஊருக்குத் தண்டோரா போடுகிறவளா என்று கேட்டேன்.

அண்ணன் கம்பிச்சுருளைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார். "ஆனா நீயும் வலது பக்கம்னு சொன்னியே."

அவர் அதைக் குத்திக்காட்டவில்லை, சுற்று எண்ணுகிறமாதிரி சாதாரணமாகச் சொன்னார். நான் அன்றைக்கு நடுவில் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் என்று ஆகியிருக்கும். அந்தத் திருகில் கை வைப்பதற்குமுன் இவர் ஒரு நொடியாவது யோசித்திருப்பார். சொன்னது நான். சண்டை வேண்டாம் என்று சொன்ன பொய், டீ ஆறுவதற்குள் மறந்துபோன பொய்.

கிளம்பும்போது அண்ணன் உள்ளே போய் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த இரண்டு டிரான்சிஸ்டர். சண்டைக்கு மறுநாளே கொடுக்க எடுத்து வைத்ததாம். கொண்டுவர வீடு இல்லாமல் போய்விட்டதாம். "மாப்ளகிட்ட குடுத்துடு. உடையவர் சாமான்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அவர் மேசையில் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், மூடி மாட்டியே இருந்தது. தீப்பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். திறந்து பார்த்தார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். பிறகு மீட்டரை எடுத்து, அதன் இரண்டு கம்பி முனைகளையும் ஒன்றின் கால்களில் வைத்தார். ஷார்ட்டாகிச் செத்ததாக இருந்தால் மீட்டர் 'பீப்' என்று கத்தும். கத்தியது. எனக்கு அடுக்களை வாசலில் கேட்டது. அவர் குனிந்து, தலையைச் சாய்த்து, வலது காதை மீட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். இரண்டாவதையும் அப்படியே கேட்டார். இரண்டும் அன்றைக்கே செத்தவை. அண்ணன் எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு வார்த்தை வரும் என்று நான் நின்றேன். இத்தனைக்குப் பிறகும் நின்றேன், என் புத்தியை என்ன சொல்வது.

"இதை உங்க அண்ணன் அன்னைக்கே குடுத்திருக்கலாம்" என்றார்.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. அவர் தீப்பெட்டியை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். பேலன்ஸ் திருகைப் பிடித்து, இடது கோடியிலிருந்து மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். செட்டைப் போட்டார். நாலு நொடி. டக். பாட்டு வந்தது.

எதிரே எப்போதும் இருக்கிற இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் போய் உட்கார்ந்தார். மற்றது அண்ணனுடையது, அது அவருக்கு இடது பக்கம். நான் போய் அதில் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். அவள் அங்கேதான் இருந்தாள், ஒன்றும் இல்லாத சுவருக்கு முன்னால், கொஞ்சம்கூட நகராமல்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்கே நிக்கிறா?"

"நடுவுல" என்றேன். "அன்னைக்கும் நடுவுலதான் நின்னா."

அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "என்ன சொன்னே?" என்று மறுபடி கேட்டார். நான் திரும்பச் சொல்லவில்லை.